பனியன் கம்பெனிக்காரன் பார்த்த விண்கப்பல்: நெக்ஸ்ட் ஜெனரேஷன் ப்ளூ-ரே பெட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ப்ளூ-ரே டிஸ்க் பெட்டியை வாங்கலாம். விலை அதிகம்தான், உள்ளே டிஸ்க்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் மோசம்தான், தமிழ் சப்டைட்டிலும் கிடையாது, இருந்தாலும் வாங்கலாம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன், வீடு அவினாசி பக்கம். 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அமெரிக்க விண்கப்பல் தொடரைக் கேபிள் டிவி வந்த புதிதில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பார்த்ததுதான், பாதி புரியாது, மழை வந்தால் மீதியும் போய்விடும். அக்கா மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். போன தீபாவளிக்குக் கிளம்பும்போது போன் போட்டு "என்ன மாமா வேணும், வாட்ச் கீட்ச் வாங்கியாரட்டுமா" என்று கேட்டான், வாட்ச் வேண்டாம் கண்ணு, இதைக் கொண்டுவா என்று சொன்னேன். 1987 செப்டம்பரில் தொடங்கி 1994 மே மாதம் முடிந்த தொடர், 7 சீசன், 178 எபிசோடு, எல்லாம் ஒரே பெட்டியில். எங்கள் வீட்டு பிளேயரில் எல்லா டிஸ்க்கும் தடங்கல் இல்லாமல் ஓடியது. நீங்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் அட்டையின் பின்பக்கம் எந்தப் பகுதிக்கான டிஸ்க் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், ப்ளூ-ரே கணக்கில் இந்தியா சி பகுதியில் வருகிறது.

178 எபிசோடையும் பற்றி எழுதப் போவதில்லை. இந்தத் தொடருக்குள் ஒரு துப்பறியும் தொடர் ஒளிந்திருக்கிறது, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு அந்தப் பித்து பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே உண்டு. எங்கள் கோயம்புத்தூர்க்காரர் ராஜேஷ்குமாரின் மாத நாவலைக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிக்கொண்டு திருப்பூர் பஸ்ஸில் ஏறினால், கருமத்தம்பட்டி வருவதற்குள் யார் குற்றவாளி என்று மனதுக்குள் ஒரு பெயரை முடிவு செய்துவிட வேண்டும், அவினாசியில் இறங்குவதற்குள் கதையில் வரும் துப்பறிவாளர் விவேக்கும் அதே பெயரைச் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும், இதுதான் விளையாட்டு. தோற்றால் வருத்தமே இல்லை, திருப்பிப் படித்தால் துப்பு எட்டாவது பக்கத்திலேயே கண்ணுக்கு நேராக இருந்திருக்கும். கடைசிப் பக்கத்தில் திடீரென்று புது ஆள் ஒருவர் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் கோபம் வரும்.

விண்கப்பல் கதையில் இந்த நேர்மையைக் காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம். அமெரிக்காவில் ஜான் கேம்பல் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் இருந்தார், அறிவியல் புனைகதையில் துப்பறியும் கதை எழுதவே முடியாது என்பது அவர் கட்சி. ஞாயம்தான். துப்பறிகிறவர் பையிலிருந்து அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு கருவியை எடுத்து, இது குற்றவாளியைக் காட்டிவிடும் என்று சொல்லிவிட்டால், படிக்கிறவன் இருநூறு பக்கம் மூளையைக் கசக்கியது எதற்கு? ஐசக் அசிமோவ் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த உலகத்தில் எந்தக் கருவி உண்டு, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முன்கூட்டியே வாசகனிடம் சொல்லிவிட்டால் ஆட்டம் நேர்மையாக இருக்கும் என்பது அவர் எண்ணம், அதைக் காட்டவே 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' என்ற நாவலை எழுதினார், 1954இல் புத்தகமாக வந்தது. எலைஜா பெய்லி என்ற போலீஸ்காரர், அவருக்குக் கூட்டாளியாக ஒரு ரோபோ, பார்த்தால் மனிதன் என்றுதான் நினைப்போம். பிபிசி அதை 1964இல் பீட்டர் குஷிங்கை வைத்து டிவி நாடகமாகவே எடுத்தது, ஆனால் அந்தக் காலத்து வழக்கப்படி டேப்பைப் பத்திரப்படுத்தவில்லை, இன்றைக்குச் சில துண்டுக் காட்சிகள்தான் மிச்சம். இந்த டேப் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

நெக்ஸ்ட் ஜெனரேஷனில் வரும் டேட்டா என்ற ரோபோ அதிகாரிக்கு 'பாசிட்ரானிக்' மூளை என்று சொல்கிறார்களே, அந்தச் சொல் அசிமோவின் ரோபோ கதைகளிலிருந்து வந்ததுதான். ஆக, கப்பலில் ஏறும்போதே துப்பறியும் பரம்பரையிலிருந்து ஒருவர் ஏறிவிட்டார்.

முதல் சீசனை வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தால் நடுவில் விட்டுவிடுவீர்கள், அது பலவீனமான சீசன், மனதார அப்படித்தான் சொல்ல முடியும். ஆனால் 1988 ஜனவரியில் வந்த 'தி பிக் குட்பை' இருக்கும் டிஸ்க்கை மட்டும் விடக்கூடாது. கப்பலில் ஹோலோடெக் என்று ஒரு அறை, உள்ளே போய் கம்ப்யூட்டரிடம் சொன்னால் எந்த ஊர், எந்தக் காலம் வேண்டுமோ அது அப்படியே எழுந்து நிற்கும், தொட்டுப் பார்க்கலாம், சாப்பிடலாம், பேசலாம். கேப்டன் பிக்கார்டுக்கு டிக்சன் ஹில் என்ற பழைய துப்பறிவாளர் கதைகளில் பைத்தியம், அதனால் 1941 சான்பிரான்சிஸ்கோவுக்குப் போகிறார். கருவி பழுதாகிறது, பாதுகாப்பு போய்விடுகிறது, பொய்த் துப்பாக்கியிலிருந்து வரும் குண்டு நிஜமாகவே ஆளைத் துளைக்கிறது. வில்லன் பெயர் சைரஸ் ரெட்பிளாக். 1941இல் வந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' படத்தில் குண்டு வில்லனாக வந்தவர் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட், அந்தப் பச்சைத் தெருவைத்தான் இங்கே சிவப்பு பிளாக்காக மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதிலும் அந்த வேஷத்துக்கு யாரைப் பிடித்தார்கள் பாருங்கள், லாரன்ஸ் டியர்னி, நாற்பதுகளின் கறுப்பு வெள்ளை குற்றப் படங்களில் நிஜமாகவே ரவுடியாக நடித்த மனிதர். நடிக்கத் தேவையே இல்லாமல் அந்தக் காலத்துக் குரலோடு வந்து நிற்கிறார். இந்த எபிசோடுக்கு பீபாடி விருது கிடைத்தது, டிவி உலகத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

கடைசியில் ஒரு காட்சி. எல்லாம் முடிந்து பிக்கார்ட் கிளம்புகிறார். கதைக்குள் இருக்கும் போலீஸ்காரர், கம்ப்யூட்டர் உண்டாக்கிய பாத்திரம், தான் யார் என்று அவருக்கு அரைகுறையாகப் புரிந்துவிட்டது. நீங்கள் போன பிறகு இந்த உலகம் இருக்குமா, வீட்டில் என் பெண்டாட்டி பிள்ளைகள் எனக்காகக் காத்துக்கொண்டு இருப்பார்களா என்று கேட்கிறார். பிக்கார்டுக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொல்கிறார். பெரிய இசை கிடையாது, அழுகை கிடையாது. இரண்டு ஆண்கள் தொப்பியோடு நிற்கிறார்கள், அவ்வளவுதான். நான் அதை நாலு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

இப்போது துணி விஷயத்துக்கு வருகிறேன், என் பிழைப்பே அதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். அந்த எபிசோடின் உடைக்குத்தான் வில்லியம் வேர் தைஸுக்கு எம்மி விருது கிடைத்தது. 1966இல் வந்த முதல் ஸ்டார் ட்ரெக்குக்கும் உடை வடிவமைத்தவர் அவரே. கேபிளில் பார்த்தபோது ஏதோ கோட்டு, ஏதோ தொப்பி என்றுதான் தெரிந்தது. ப்ளூ-ரேயில் கோட்டுத் துணியின் பாவும் ஊடையும் தனித்தனியாகத் தெரிகிறது, தோள்பட்டையில் துணி எப்படி விழுகிறது, காலர் எப்படி மடிகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். பிக்கார்ட் முதல் தடவை கப்பல் யூனிஃபார்மோடு அந்த ஊருக்குள் போகிறார், எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், அப்புறம் கோட்டு போட்டுக்கொண்டு போகிறார். அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே மனிதர் இரண்டு மாதிரி நடப்பது தெரியும். நெய்த துணிக்குள் அவர் நன்றாக மூச்சு விடுகிறார்.

ஏனென்றால் அந்த யூனிஃபார்ம் முதல் இரண்டு சீசன்களில் ஸ்பான்டெக்ஸ், மேலிருந்து கீழ் வரை ஒரே பீஸ். எதிர்காலத்தில் துணியில் சுருக்கமே இருக்காது என்பது எண்ணம், அதற்காக ஒரு சைஸ் சின்னதாகத் தைத்து உடம்பில் இழுத்து மாட்டியிருக்கிறார்கள். திருப்பூரில் இதைப் படிக்கிற யாருக்கும் மேற்கொண்டு நான் சொல்லவேண்டியதே இல்லை. இழுபடும் துணியை ஒரே பீஸாகத் தைத்தால் இழுவை மொத்தமும் தோளில்தான் வந்து உட்காரும், ஆள் நிமிரும்போதெல்லாம் துணி அவரைக் கீழே இழுக்கும். நாள் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு விளக்குச் சூட்டில் நின்ற நடிகர்களுக்கு முதுகுவலி வந்தது, வியர்வை நாற்றம் துணியை விட்டுப் போகவில்லை, பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட் இதைப் பல இடங்களில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 1989இல் மூன்றாவது சீசனுக்கு ராபர்ட் பிளாக்மன் வந்து முக்கிய நடிகர்களில் ஆண்களுக்கு கம்பளி கேபர்டின் துணியில் மேல்சட்டை, பேன்ட் என்று இரண்டு பீஸாக மாற்றினார். உட்கார்ந்து எழுந்தால் மேல்சட்டை மேலே ஏறிக்கொள்ளும், அதனால் பிக்கார்ட் எழும்போதெல்லாம் இரண்டு கையாலும் சட்டையைக் கீழே இழுத்துவிடுவார், ரசிகர்கள் அதற்கு 'பிக்கார்ட் மெனூவர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பின்னால் நடமாடும் துணை நடிகர்கள் மட்டும் மூன்றாவது சீசனுக்கு அப்புறமும் பழைய ஸ்பான்டெக்ஸிலேயே திரிகிறார்கள், செலவை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கும் முன்பே படத்தை நிறுத்தி, தோள் தையலையும் இடுப்பையும் பார்த்துக் கண்டுபிடித்தேன், அன்றைக்கு ஒரு பண்டல் டேமேஜைத் தனியாகப் பிரித்து வைத்த திருப்தி.

சரி, ஹோம்ஸுக்கு வருவோம். இரண்டாவது சீசன், 1988 டிசம்பர், 'எலிமென்டரி, டியர் டேட்டா'. டேட்டாவுக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் என்றால் உயிர். கண்ணில் கண்ணாடி மாதிரி ஒரு கருவி மாட்டியிருக்கும் நண்பர், எஞ்சினியர் ஜியார்டியோடு ஹோலோடெக்கில் ஹோம்ஸ், வாட்சனாகப் போகிறார், உள்ளே நுழைந்த வேகத்தில் குற்றவாளியைச் சொல்லிவிடுகிறார், எல்லாக் கதையும் மனப்பாடம். ஜியார்டி கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார். அப்போதைய கப்பல் டாக்டர் புலாஸ்கி, உனக்குத் தெரிந்தது ஒப்பித்தல்தான், புதுக் கேஸ் கொடுத்தால் உன்னால் முடியாது என்று சீண்டுகிறார். எனக்கு இந்த இடத்தில்தான் இது துப்பறியும் கதையை உண்மையாக நேசிக்கிறவர்கள் எழுதியது என்று பட்டது. விடை தெரிந்தவன் துப்பறிவாளன் ஆகிவிடுவானா என்ற கேள்வியை ஒரு ரோபோவை நடுவில் நிறுத்திக் கேட்கிறார்கள்.

அப்புறம் ஜியார்டி கம்ப்யூட்டரிடம் ஒரு எதிரியைக் கேட்கிறார். ஹோம்ஸைத் தோற்கடிக்கக்கூடிய எதிரி என்று சொல்லியிருக்க வேண்டும், வாய் தவறி டேட்டாவைத் தோற்கடிக்கக்கூடிய எதிரி என்று சொல்லிவிடுகிறார். அந்த ஒரு சொல்லில் மொத்தக் கதையும் இருக்கிறது. கம்ப்யூட்டர் கேட்டதைக் கொடுக்கிறது, ஹோம்ஸ் கதைகளில் வரும் பரம எதிரி பேராசிரியர் மோரியார்டி பிறக்கிறார், தான் ஒரு பாத்திரம் என்று தனக்கே தெரிந்த பாத்திரம். அந்தச் சொல் நம் காதிலும் விழுந்தது, நாமும் கவனிக்காமல் விட்டோம். கேம்பல் சொன்ன பயத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது, புதுக் கருவியை எடுத்து யாரும் நம்மை ஏமாற்றவில்லை, நாம் கேட்ட வாக்கியத்தை வைத்தே நம்மைப் பிடித்துவிட்டார்கள். இயக்கியவர் ராப் போமன், பின்னாளில் 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரில் நிறைய எபிசோடு இயக்கியவர், இருட்டில் நீளும் சந்துகளை அவர் காட்டும் விதத்தை இங்கேயே பார்க்கலாம்.

இதிலே ஒரு குறையும் இருக்கிறது, அதற்கும் திரைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. மோரியார்டி வரைந்த கப்பல் படம் ஒன்றை டேட்டா காகிதத்தோடு ஹோலோடெக்கை விட்டு வெளியே கொண்டுவருகிறார். உள்ளே உண்டான பொருள் வெளியே நிற்காது என்பது அவர்களே சொன்ன விதி. அப்படியானால் அந்தக் காகிதம் எப்படி வந்தது? முதலில் எழுதிய முடிவில் பிக்கார்ட் அதைக் கவனித்து, மோரியார்டியாலும் வெளியே வர முடியும் என்று தெரிந்தே அவரிடம் பொய் சொன்னதாக இருந்தது. கேப்டன் பொய் சொல்வது அவர் குணத்துக்குப் பொருந்தாது என்று அந்த முடிவை எடுத்துவிட்டார்கள், காகிதம் மட்டும் கதைக்குள் அனாதையாக நிற்கிறது. தையலைப் பிரித்த இடத்தில் ஊசித் துளை தெரியும் இல்லையா, அப்படி. என்னைக் கேட்டால் அந்த முடிவையே வைத்திருக்கலாம், நல்லவர் ஒருவர் எல்லோருடைய உயிருக்காகவும் ஒரு பொய் சொல்லிவிட்டு அதை மனதில் சுமப்பது எவ்வளவு பெரிய கதை.

மோரியார்டியைத் திரும்பக் கொண்டுவர நாலு வருடம் ஆனது, ஹோம்ஸ் பாத்திரங்களின் உரிமை விஷயத்தில் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் தரப்போடு வந்த சிக்கல் காரணம். 1993 ஜனவரியில் ஆறாவது சீசனில் 'ஷிப் இன் எ பாட்டில்' வந்தது. காத்திருந்ததற்குப் பலன் உண்டு. எழுதியவர் ரெனே எச்சவாரியா.

இந்த எபிசோடைத்தான் என் மனைவியோடு பார்த்தேன். அவளுக்கு ஆங்கிலம் ஓடாது, நான் நடுநடுவே சொல்லிக்கொண்டே வருவேன், அவளும் பனியன் கம்பெனியில் பத்து வருடம் செக்கிங்கில் இருந்தவள். முதல் காட்சியில் ஹோம்ஸாக இருக்கும் டேட்டா, குற்றவாளி இடதுகைக்காரர் என்று நிறுவுவதற்காக ஒருவரிடம் தீப்பெட்டியைத் தூக்கிப் போடுகிறார், அவர் வலது கையால் பிடித்துவிடுகிறார். கருவியில் ஏதோ கோளாறு, இடமும் வலமும் குழம்பியிருக்கிறது, ரிப்பேருக்கு ஆள் கூப்பிடு என்று கதை சாதாரணமாக நகர்ந்துவிடுகிறது. நான் அதை மறந்தே போனேன். அரை மணி நேரத்துக்கு அப்புறம் எஞ்சின் அறைக் காட்சி, பேச்சு சூடாகப் போய்க்கொண்டு இருக்கிறது, நான் சப்டைட்டிலைப் படித்துக்கொண்டு இருக்கிறேன். அவள் முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு, "ஏனுங்க, அந்தக் கண்ணாடிக்காரரு எடது கையில வேலை செய்யறாருங்க, அப்ப அதுவும் அந்த ரூம்புக்குள்ளதானுங்களே?" என்றாள். நான் படத்தை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். டேட்டா அதைச் சொல்வதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள். அத்தனை பேரும் கப்பலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு இருக்கும் இடமே கப்பல் இல்லை.

செக்கிங்கில் இருந்தவர்களுக்குத் தெரியும், இடது கையும் வலது கையும் மாறித் தைத்த பீஸ் மேசையில் வந்தால் முதல் பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும், கை ஒன்று லேசாக முறுக்கிக்கொண்டு நிற்கும். பத்து வருடம் அந்த முறுக்கைத் தேடிய கண்ணுக்கு அது தப்பவில்லை. மொழி தெரியாத ஒருவர் கண்ணால் மட்டும் பார்த்து விடையைக் கண்டுபிடிக்க முடிகிறது என்றால், துப்பை எவ்வளவு நேர்மையாக வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முடிவை நான் சொல்லப் போவதில்லை. கடைசி வசனத்தை மட்டும் தவறவிடாதீர்கள், பார்க்லே என்ற பயந்த சுபாவக்காரர் சொல்வது.

'க்ளூஸ்' என்று நாலாவது சீசனில் ஒன்று, 1991 பிப்ரவரி. இதிலும் ஆரம்பத்தில் டிக்சன் ஹில் கொஞ்ச நேரம் வருகிறார், ஆனால் நிஜமான துப்பறிதல் கப்பலுக்குள் நடக்கிறது. எல்லோரும் 30 விநாடி மயங்கி விழுந்து எழுந்ததாக டேட்டா சொல்கிறார். டாக்டர் வளர்க்கும் பாசியோ ஒரு நாள் வளர்ச்சி வளர்ந்திருக்கிறது, பாதுகாப்பு அதிகாரி வோர்ஃபின் மணிக்கட்டு உடைந்து ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது, அவருக்கே தெரியாது. பொய்யே சொல்லாத ஒருவர் பொய் சொல்கிறார் என்று ஆகிறது. யார் சொல்லி, எதற்காக? பாசியைப் போல ஒரு எளிய துப்பு எந்தக் காலத்துக் கதையிலும் செல்லும், நம்ம ஊர்க் கதையில் இட்லி மாவு புளித்திருப்பதை வைத்தே இதைச் செய்துவிடலாம். இந்தக் கதையின் மூலம் ஒரு தபால் ஊழியர் அனுப்பியது. மூன்றாவது சீசனிலிருந்து எழுத்தாளர் குழுவுக்குத் தலைமை ஏற்ற மைக்கேல் பில்லர், வெளியாட்கள் யார் வேண்டுமானாலும் கதை எழுதி அனுப்பலாம் என்று கதவைத் திறந்துவிட்டார், ரொனால்ட் மூரும் மேலே சொன்ன எச்சவாரியாவும் அப்படி உள்ளே வந்தவர்கள்தான். தொடர் மூன்றாவது சீசனில் நிமிர்ந்ததற்கு நான் சொல்லும் காரணம் இந்தக் கதவு, இரண்டாவது காரணம் அந்தக் கம்பளிச் சட்டை.

இனி அந்த டேப் விஷயம். பெட்டியின் உண்மையான மதிப்பு இங்கேதான். தொடரை 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார்கள், ஆனால் எடிட்டிங்கும் விண்வெளிக் காட்சிகளை இணைக்கும் வேலையும் வீடியோ டேப்பில் நடந்தது, செலவும் நேரமும் குறைவு என்பதால். ஒளிபரப்பானது அந்த மங்கலான டேப்தான். உயர்தரத்தில் வெளியிட வேண்டும் என்று வந்தபோது டேப்பைப் பெரிதாக்கிப் பிரயோசனம் இல்லை, எனவே கிடங்கில் இருந்த நெகட்டிவ் பெட்டிகளைத் திறந்து, ஆயிரக்கணக்கான சுருள்களில் அன்றைக்கு எந்த டேக்கை எடுத்தார்கள் என்று தேடி, பழைய எபிசோடைப் பக்கத்தில் ஓடவிட்டு, கண் இமைப்பு வரை ஒத்துப்பார்த்து, ஒவ்வொரு எபிசோடையும் முதலிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். விண்கப்பல் காட்சிக்கு இன்னும் கஷ்டம். 6 அடி மாடலையும், பிற்பாடு செய்த 4 அடி மாடலையும் கேமராவுக்கு முன் வைத்து, கப்பலின் உடம்பு ஒரு தடவை, ஜன்னல் விளக்கு ஒரு தடவை, எஞ்சின் ஒளி ஒரு தடவை என்று தனித்தனியாகப் படம்பிடித்ததை எல்லாம் தேடி எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மைக் ஒகுடாவும் டெனிஸ் ஒகுடாவும், தொடரிலேயே வேலை பார்த்த தம்பதி, கூட இருந்து ஆலோசனை சொன்னார்கள். சில விநாடிகளுக்கு மட்டும் நெகட்டிவ் கிடைக்காமல் பழைய டேப்பையே போட்டிருக்கிறார்கள், அந்த இடம் வந்தால் படம் சட்டென்று மங்கும், உங்களுக்கே தெரியும். 2012இல் முதல் சீசனும் 2014இல் கடைசி சீசனும் வந்தது.

முதல் சீசன் டிஸ்க்கில் இந்த வேலையைப் பற்றி ஒரு ஆவணப்படம் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அதுதான் இந்தப் பெட்டியின் மிகச் சிறந்த துப்பறியும் கதை. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு, கிளாப் பலகையில் சாக்பீஸில் எழுதிய எண், பட விளிம்பில் இருக்கும் குறி, இவ்வளவுதான் சாட்சி. 1987இல் யாரோ ஒரு உதவியாளர் சரியாகச் சீட்டு எழுதி வைத்தது 2012இல் ஒருவருக்கு வழி காட்டுகிறது. எங்கள் கம்பெனியில் பண்டலுக்குச் சீட்டு கட்டும் பெண்களுக்கு நான் இனிமேல் இந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். படத்தைப் பக்கவாட்டில் அகலமாக்கவில்லை, பழைய சதுர வடிவத்திலேயே விட்டிருக்கிறார்கள், அதுவும் சரியான முடிவு, அகலமாக்கினால் ஓரத்தில் விளக்கும் ஸ்டாண்டும் தெரியும். ஸ்டார் ட்ரெக் வரிசையில் அடுத்து வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்', 'வாயேஜர்' இரண்டும் இதே மாதிரி டேப்பில் முடித்த தொடர்கள், அவற்றுக்கு இந்த வேலையை யாரும் செய்யவில்லை, செலவு தாங்காது என்று விட்டுவிட்டார்கள். டீப் ஸ்பேஸ் நைனில் ஓடோ என்ற போலீஸ்காரர் வரும் 'நெசசரி ஈவில்' என்ற எபிசோடு சுத்தமான துப்பறியும் கதை, இருட்டும் நிழலுமாக எடுத்தது, அதை இந்தத் தெளிவில் பார்க்க முடியவில்லையே என்பது எனக்குப் பெரிய ஏக்கம்.

பக்கவாட்டில் ஒரு செய்தி. இந்தத் தொடரில் அறிவியல் ஆலோசகராக இருந்து பிறகு எழுத்தாளரான நரேன் சங்கர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், பின்னால் 'சிஎஸ்ஐ' என்ற தடயவியல் தொடரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, 2015இல் 'தி எக்ஸ்பேன்ஸ்' தொடரை நடத்த வந்தார். அதில் தொப்பி போட்ட மில்லர் என்ற துப்பறிவாளர் காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டு விண்கல் ஊருக்குள் அலைகிறார். கோப்பையில் மது ஊற்றும்போது அது நேராக விழாமல் வளைந்து விழும், அந்த ஊர் சுழல்கிறது என்பதற்கு அதுதான் துப்பு, யாரும் வாய் திறந்து விளக்குவதில்லை. டிக்சன் ஹில் தொப்பியை அடுத்த தலைமுறை எங்கே கொண்டுபோய் மாட்டியது என்று தெரிய வேண்டுமானால் அதையும் பாருங்கள்.

குறைகள். பெட்டிக்குள் டிஸ்க்கைப் பிடிக்கும் பிளாஸ்டிக் இதழ்கள் இரண்டாவது தடவை திறக்கும்போதே உடைந்தன, ஐந்தாவது சீசனில் இரண்டு டிஸ்க் தளர்வாக ஆடிக்கொண்டு வந்தது, நல்லவேளை கீறல் இல்லை. இரண்டாவது சீசன் படத்தெளிவு மற்றவற்றைவிட ஒரு படி கீழே, அந்த சீசன் வேலையை வேறு இடத்தில் கொடுத்துச் செய்திருக்கிறார்கள், தோலின் நிறம் சில காட்சிகளில் தட்டையாக இருக்கிறது, அதிலும் ஹோம்ஸ் எபிசோடு அந்த சீசனில் போய் மாட்டிக்கொண்டதுதான் வருத்தம். டிஸ்க் போட்டதும் வரும் முகப்பைத் தாண்டவே நேரம் ஆகிறது. ஆங்கில சப்டைட்டில் நன்றாக இருக்கிறது, பத்தாவது படிக்கும் என் மகள் அதை வைத்தே சமாளித்துவிட்டாள்.

முழுப் பெட்டிக்குக் காசு இல்லை என்றால் சீசன் தனித்தனியாகவும் கிடைக்கிறது, ஆறாவதையும் நாலாவதையும் முதலில் வாங்குங்கள், ஆனால் 'ஷிப் இன் எ பாட்டில்' பார்ப்பதற்கு முன் இரண்டாவது சீசனில் இருக்கும் மோரியார்டி கதையை எப்படியாவது பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதி சுவை போய்விடும். எங்கள் வீட்டில் இப்போது மூன்றாவது சீசன் இரண்டாவது தடவையாக ஓடுகிறது. முதல் சீசன் பெட்டி பெருந்துறையில் மச்சான் வீட்டுக்குப் போயிருக்கிறது, அந்த ஆவணப்படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுங்கள் மச்சான் என்று சொல்லி அனுப்பினேன், இன்னும் வரவில்லை.